தண்டால் எடுக்காத லென்ஸ்

ஜூன் 10, திங்கள்

இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தது என் கணவர் தங்கராசு. யோசனை பல் டாக்டருடையது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்துக் கடித்து என் கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டுவிட்டது. "மனசுல இருக்கறத எங்கயாச்சும் கொட்டிருங்க, பல்லு மேல காட்டாதீங்க" என்றார் டாக்டர். என் மனதில் இருப்பது ஒரே ஒரு எண். அதைக் கொட்ட இருநூறு பக்க நோட்டு எதற்கோ தெரியவில்லை.

அந்த எண் இன்றைக்கு இருபத்தாறு.

நான் வேலை பார்ப்பது சரவணம்பட்டியில், கேமரா செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். எங்கள் கேமராவின் லென்ஸுக்குள் எண்ணெய் இருக்கிறது. ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் மெல்லிய சவ்வு, நடுவில் தெளிந்த எண்ணெய். சுற்றியிருக்கும் காயில் கம்பியில் கரண்ட் பாய்ந்தால் சவ்வு உப்பும், கிட்டே இருப்பது தெளிவாகத் தெரியும். கரண்ட் குறைந்தால் தட்டையாகும், எட்ட இருப்பது தெரியும். ஆனால் எண்ணெய் எண்ணெய்தான். உப்பிய பிறகு கொஞ்சம் தளும்பிவிட்டுத்தான் அடங்கும். அது அடங்க எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று அளப்பது என் வேலை. ஒரு செகண்டை ஆயிரமாக நறுக்கினால் ஒரு துண்டு ஒரு மில்லி செகண்ட். எங்கள் கேமரா முப்பது துண்டு வரைக்கும்தான் பொறுக்கும். அப்புறம் லென்ஸ் அடங்கியதோ இல்லையோ, படத்தை எடுத்துவிடும்.

முதலாளி சபாபதி சார் உள்ளே வந்ததும் கேட்டார்.

"எத்தனைம்மா?"

"இருபத்தாறுங்க சார்."

"அப்பறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கே? முப்பதுக்குள்ள வந்துருச்சுல்ல?"

வந்துவிட்டது. ஆனால் இது போகப்போகிற இடம் குளிர்பதன மருந்துக் கிடங்கு. எப்போதும் ஐந்து டிகிரி. குளிரில் எண்ணெய் கெட்டிப்படும் என்பது எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கே தெரியும். அங்கேயும் முப்பதுக்குள் வருமா என்பதுதான் என் பல்லின் பிரச்சினை.

ஜூன் 13, வியாழன்

வந்துவிட்டது! ஐந்து டிகிரியில் இருபத்திரண்டு. குளிரில் இன்னும் வேகம்! ஜமீலாவின் தயிர்சாத டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஆபீஸ் ஃப்ரிட்ஜுக்குள் லென்ஸை வைத்து அளந்தேன். ஜமீலா எங்கள் சர்க்யூட் ஆள். பத்து வருடமாகப் பக்கத்து மேசை.

"தண்டால் எடுக்க வச்சியா மங்கை?" என்று கேட்டாள்.

இது எங்களுக்குள் கிண்டல். எந்த லென்ஸாக இருந்தாலும் அளப்பதற்கு முன் ஐந்நூறு தடவை கிட்டே எட்ட, கிட்டே எட்ட என்று ஓட்டிவிடுவேன். முதல் அளவுகள் கன்னாபின்னாவென்று குதிக்கும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐந்நூறுக்குப் பிறகு வருவதை மட்டும்தான் எழுதுவோம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார். எந்த லேபிலும் அப்படித்தான்.

"எடுக்காம விடுவனா? ஐந்நூறும் ஃப்ரிட்ஜுக்குள்ளயே எடுத்துச்சு."

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். குளிரில் எப்படி வேகம் கூடும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. சார் ரிப்போர்ட்டைக் கேட்டுக் கதவில் நின்றார். கொடுத்துவிட்டேன். வரும்போது அன்னபூர்ணாவில் ஜாங்கிரி வாங்கிவந்தேன். பல் வலியோடு தின்றேன்.

ஜூன் 17, திங்கள்

கிடங்கில் கேமராவை மாட்டினோம். குளிரென்றால் குளிர். எல்லோரும் ஸ்வெட்டர், மங்கி குல்லாவோடு வேலை பார்க்கிறார்கள். பெல்ட்டின் மேல் மருந்துப் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். சொட்டுமருந்துப் பெட்டி குட்டை, ஊசிமருந்துப் பெட்டி நெட்டை. ஒவ்வொன்றுக்கும் லென்ஸ் தன்னை மாற்றிக்கொண்டு, காலாவதித் தேதியைப் படிக்க வேண்டும். தேதி போனது ஒரு பக்கம் தள்ளப்படும். படிக்க முடியாதது கை மேசைக்குப் போகும்.

கை மேசையில் இருப்பவர் அமலோற்பவம். ஐம்பத்தொரு வயது, பன்னிரண்டு வருட சர்வீஸ். ஷிஃப்ட் முடிந்ததும் வெளியே போன அத்தனை பெட்டிக்கும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுபவரும் அவர்தான்.

"கண்ணாடி போடறதில்லையா அக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க மேடம்? ஊசியில நூலு நானே கோப்பனுங்க. உங்க மெஷினு படிக்காதத எல்லாம் இனி நான் படிக்கோணும்னு சொன்னாங்க. அப்ப நான் மெஷினுக்கு டீச்சருங்களா?"

சிரித்தேன். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஜூன் 19, புதன்

சமையல் கேஸ் தீர்ந்தது. ரசத்துக்கு இரண்டு தடவை உப்பு. தங்கராசு ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிக்கொண்டார். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜூன் 20, வியாழன்

கிடங்கு மேனேஜர் தேவராஜன் போன் செய்தார். கை மேசைக்கு அளவுக்கு மீறிப் பெட்டி போகிறதாம். "டீ டைம் முடிஞ்சு பெல்ட்டப் போட்டா அந்தம்மா முன்னாடி மலையாட்டம் குவியுதுங்க. அந்தம்மாவே சொல்லுது, டீக்கு அப்பறந்தான் இப்படின்னு. இதுக்கு மெஷினு எதுக்கு?" என்று கத்தினார். சார் என்னைப் பார்த்தார். எண்ணைப் படிக்கும் சாஃப்ட்வேருக்கு எவ்வளவு நிச்சயம் இருந்தால் போதும் என்று ஓர் அளவு உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு என்று வைத்திருந்தேன்; அதற்குக் குறைந்தால் பெட்டி கை மேசைக்குப் போகும். எழுபது ஆக்கினேன். இங்கிருந்தபடியே, இரண்டு நிமிட வேலை. குவியல் நின்றுவிட்டது.

சாயங்காலம் புடவைக்கு ஃபால் தைக்கக் கொடுத்தேன்.

ஜூன் 28, வெள்ளி

இன்னும் நான்கு கிடங்குக்கு ஆர்டர். சார் என்னை டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவியாக்கப் போகிறாராம். பிரிவில் இருப்பதே நான் ஒருத்திதான். இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை என்றுதான் தெரியவில்லை. ஆபீஸ் மாடிப்படியை நாலு தடவை காரணமில்லாமல் ஏறி இறங்கினேன்.

ஜூலை 2, செவ்வாய்

கிடங்கிலிருந்து ஒரு ஆஸ்பத்திரிக்குப் போன சரக்கில் காலாவதியான இரண்டு ஊசிமருந்துப் பெட்டிகள் இருந்திருக்கின்றன. மார்ச்சோடு தேதி முடிந்தவை. கடைகளிலிருந்து திரும்பி வந்த பெட்டிகள் கலந்திருக்கின்றன. நர்ஸ் ஒருவர் ஊசி போடுவதற்கு முன் பார்த்துவிட்டார். நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அமலோற்பவத்தை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். மெஷின் ஏமாறாது, கை மேசையில்தான் கோட்டை விட்டிருக்க வேண்டும் என்று தேவராஜன் எங்கள் சாரிடம் சொன்னாராம். கேமரா எடுத்த படங்கள் ஷிஃப்ட் முடிந்ததும் அழிந்துவிடும். எந்தப் பெட்டி யார் வழியாகப் போனது என்று பார்க்க வழியில்லை. விசாரணை வைப்பார்கள். குற்றம் நிரூபணமானால் பன்னிரண்டு வருட வேலை போய்விடும்.

பாவமாக இருந்தது. ஐம்பது தாண்டினால் கண் அப்படித்தான்.

ஜூலை 3, புதன்

லென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருபத்திரண்டு என்பது இருபத்திரண்டு. வீட்டு அலமாரியை முழுக்க இறக்கித் துடைத்தேன். இரண்டு பழைய டார்ச், ஒரு ரேஷன் கார்டு நகல், கல்யாணத்தில் வந்த அடை தோசைக்கல் கிடைத்தன.

மூன்று என்ற எண்ணைக் கொஞ்சம் கலங்கலாகப் பார்த்தால் எட்டு மாதிரி இருக்கும். மார்ச், மூன்றாம் மாதம். ஆகஸ்ட், எட்டாம் மாதம். அலமாரி துடைக்கும்போது ஏன் இது வந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 4, வியாழன்

ஜமீலா சாப்பிடப் போன நேரத்தில் லென்ஸை ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் சும்மா வைத்திருந்தேன். தண்டால் எடுக்க விடவில்லை. நேராக அளந்தேன்.

தொண்ணூற்றுநான்கு.

இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ஒயர் லூஸாக இருந்திருக்கும்.

ஜூலை 5, வெள்ளி

ஒயர் லூஸாக இல்லை. 96, 91, 94. ஐந்நூறு தடவை ஓட்டிவிட்டுப் பார்த்தால் 22.

காயிலில் கரண்ட் ஓட ஓட அது சூடாகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் இளகுகிறது. நான் ஃப்ரிட்ஜுக்குள் வைத்து அளந்தது குளிர்ந்த லென்ஸை இல்லை. ஐந்நூறு தடவை ஆட்டி நானே சூடேற்றிய லென்ஸை. அறையில் இருந்ததை விடச் சற்றே கெட்டியான எண்ணெய், தளும்பல் மட்டும் குறைந்தது, அதனால்தான் இருபத்தாறு இருபத்திரண்டு ஆனது. குளிரில் வேகம் கூடியது என்று ஜாங்கிரி தின்றிருக்கிறேன். கிடங்கில் டீ டைமுக்கு பெல்ட் இருபது நிமிடம் நிற்கும். லென்ஸ் ஆறி விறைத்துவிடும். திரும்ப பெல்ட் ஓடும்போது முதல் சில நூறு பெட்டிகளுக்கு அது அடங்கவே தொண்ணூறு ஆகும். கேமரா முப்பதில் எடுத்துவிடும். கலங்கல் படம்.

தூக்கிப் போடச் சொல்லிக் கற்றுக்கொடுத்த முதல் அளவுகள்தான் உண்மையான அளவுகள். பத்து வருடமாக உண்மையைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"என்ன மங்கை, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் ஜமீலா.

"பல்லு" என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

தங்கராசுவோடு மருதமலை போவதாக இருந்தது. கோயிலுக்குப் போகிற மனநிலையில் நான் இல்லை. முருங்கைக்கீரை ஆய்ந்தேன். ஆய்ந்து முடித்ததும் கீரையைக் குப்பையில் போட்டுவிட்டுக் காம்பை அடுப்பில் வைத்தேன். தங்கராசு சிரித்தார். நான் அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்க் கடைக்குப் போய்ப் பரோட்டா வாங்கிவந்தார்.

நாளை சாரிடம் சொல்லிவிடுவேன்.

ஜூலை 8, திங்கள்

சொன்னேன். சார் அளவுகளை இரண்டு தடவை பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஒரு அப்டேட் போட்டு விட்டுரும்மா. டீ டைம் முடிஞ்சு பெல்ட் ஓடறதுக்கு முன்னாடி லென்ஸ் தானா ஐந்நூறு தடவை ஆடிக்கட்டும். தீந்துது பிரச்சினை."

"அந்தம்மா, சார்?"

"எந்தம்மா?"

"அமலோற்பவம். சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்களே."

"அது அவங்க கம்பெனி விஷயம். நாம போய் லென்ஸு தப்புன்னு சொன்னா நாலு ஆர்டரும் போச்சு. பன்னெண்டு குடும்பம் இங்க சாப்பிடுது, மங்கை. உன்னையும் சேத்து." காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்தம்மாவுக்கு எச்சரிக்கை கொடுத்து விட்டுருவாங்க. பெருசா ஒண்ணும் ஆகாது" என்றார்.

ஆகாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஜூலை 9, செவ்வாய்

கிடங்குக்குப் போய் அப்டேட் போட்டேன். டீ முடிந்து வந்த முதல் பெட்டியே பளிச்சென்று தெரிந்தது. போனதோடு போனதாக சாஃப்ட்வேரின் எழுபதையும் திரும்பத் தொண்ணூறு ஆக்கினேன். தேவராஜன் பாராட்டினார்.

கை மேசையில் வேறொரு பெண். அமலோற்பவத்தின் ஸ்வெட்டர் நாற்காலி முதுகில் அப்படியே தொங்கியது. அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு வேலையை முடித்தேன். விசாரணை பதினைந்தாம் தேதி காலை பத்தரைக்கு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள்.

ஜூலை 10, புதன்

இன்று எழுத ஒன்றுமில்லை. தைக்கக் கொடுத்த புடவை வந்தது.

ஜூலை 11, வியாழன்

ஜமீலாவிடம் சொன்னேன். அவள் டிபன் டப்பாவை மூடிவிட்டுக் கேட்டாள், "அந்தம்மா வீட்ல எத்தனை பேரு?"

தெரியவில்லை. லென்ஸ் சவ்வின் தடிமன் தெரியும், எண்ணெயின் பிசுக்கு அளவு தெரியும். இதை நான் கேட்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

ஐந்தாம் தேதியிலிருந்து இந்த நோட்டில் லென்ஸைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய், காயில், சூடு. எல்லாம் உண்மை. எண்ணெய் மேல் பழி போட்டால் எண்ணெய்க்கு வலிக்காது.

லென்ஸ் கலங்கலாகக் காட்டியபோதும் சாஃப்ட்வேரின் நிச்சய அளவு தொண்ணூறாகவே இருந்திருந்தால் அந்தப் பெட்டிகள் கை மேசைக்குத்தான் போயிருக்கும். முதல் மூன்று நாள் போயின. மலையாகக் குவிந்தன. அமலோற்பவம் ஒவ்வொன்றாகப் படித்து நிறுத்தினார். டீக்கு அப்புறம்தான் வருகிறது என்று வேறு சொல்லி அனுப்பினார். என் பத்து வருட அனுபவத்தில் யாரும் கண்டுபிடிக்காததை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கை மேசையில் இருந்து ஒரு பெண் கண்டுபிடித்துச் சொன்னார். நான் அதைக் கேட்டுவிட்டு எழுபது ஆக்கினேன். மூன்றா எட்டா என்று தெரியாத மெஷினிடம், தெரியாவிட்டால் பரவாயில்லை, எட்டு என்று சொல்லிக்கொள் என்று அனுமதி கொடுத்தது நான். அந்த இரண்டு பெட்டிகளும் அவர் கைக்கு வரவேயில்லை.

எழுதிவிட்டேன். பல் வலி அப்படியே இருக்கிறது. டாக்டர் சொன்னது பொய்.

ஜூலை 14, ஞாயிறு

தங்கராசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடலாம் என்றும் சொன்னேன். வீட்டு லோன் இருக்கிறது என்பதை நான் அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

அவர் வெகுநேரம் பேப்பரையே மடித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு பஸ்ல போக வேண்டாம். நான் வண்டியில கொண்டுபோய் விடறேன்" என்றார்.

ஜூலை 15, திங்கள்

பத்தே காலுக்குக் கிடங்கு ஆபீஸில் இருந்தேன். சாருக்கு மெசேஜ் மட்டும் அனுப்பினேன். அதற்கப்புறம் அவர் ஆறு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

அறையில் தேவராஜன், ஹெச்.ஆர். பெண் ஒருத்தி, எதிரே அமலோற்பவம். இரண்டு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

நான் சொன்னேன். ஃப்ரிட்ஜ், ஐந்நூறு தடவை, தொண்ணூற்றுநான்கு. காகிதங்களை மேசையில் வைத்தேன். பிறகு, ஜூன் இருபதாம் தேதி தொண்ணூறை எழுபதாக மாற்றியது நான்தான் என்று சொன்னேன்.

தேவராஜன் முகம் சிவந்துவிட்டது. "போன வாரம் வந்து ரிப்பேர் பண்ணிட்டுப் போனீங்களே, அப்ப வாய்ல என்னங்க இருந்துச்சு?" என்றார். உங்கள் கம்பெனிக்கு நோட்டீஸ் வரும் என்றார். ஹெச்.ஆர். பெண் அமலோற்பவத்திடம், சஸ்பென்ஷன் ரத்து, நாளையிலிருந்து வேலைக்கு வரலாம், எழுத்தில் தருகிறோம் என்றாள்.

வெளியே வராந்தாவில் அவருக்காகக் காத்திருந்தேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். எதிர்பார்த்தேன்.

வந்து என் முன்னால் நின்றார்.

"மேடம், இது உங்களுக்கு என்னைக்குத் தெரியுமுங்க?"

"நாலாம் தேதி."

விரல் மடக்கி எண்ணினார். "பதினோரு நாளுங்க."

"ஆமாங்க அக்கா."

"பத்தாந்தேதி நான் கண்ணாஸ்பத்திரிக்குப் போனனுங்க. பெட்டிய எப்படி விட்டன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் ஞாபகத்துக்கு வரலீங்க. சரி, கண்ணு போயிருச்சாட்டிருக்குதுன்னு போனேன். டாக்டரம்மா கடைசி வரி வரைக்கும் படிக்க வச்சுது. படிச்சனுங்க. கண்ணு நல்லாருக்குது, வீட்டுக்குப் போங்கன்னாங்க. நான் எந்திரிக்கலீங்க. இல்லீங்க, போயிருச்சுங்க, இன்னொருக்கா பாருங்கன்னு அந்தம்மா கையப் புடிச்சுட்டு அழுதேன். கண்ணு இல்லீன்னா அப்ப புத்திதான் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமுங்களே."

மடக்கிய விரல்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்" என்றேன்.